பாகவதர் கிராப்: கேமரன் மலை வரை வந்த தலைமுடி

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. பிறப்புப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, மஞ்சள் பூத்த கடிதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் தாத்தாவின் சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக எடுத்த படத்தின் மிச்சப் பிரதி அது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த இருபத்தைந்து வயது இளைஞர். சட்டைக் காலர் நைந்து போயிருக்கிறது. கன்னம் ஒட்டியிருக்கிறது. முடி மட்டும் மகாராஜா முடி. நெற்றியிலிருந்து அப்படியே பின்னால் வாரி, காதை மூடி, கழுத்தைத் தாண்டித் தோளில் சுருண்டு விழுகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்தால் ஏதோ ரோக் கித்தார் வாசிப்பவர் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்த முடிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எம். கே. தியாகராஜ பாகவதர்.

பாகவதரின் பாட்டைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் அவருடைய தலைமுடியைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம், பாட்டை விட அதுதான் எங்கள் லயத்துக்குள் வந்து குடியிருந்தது.

பாகவதர் 1910 மார்ச் 1-ஆம் தேதி மாயவரத்தில் பிறந்தவர். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, பொற்கொல்லர். குடும்பம் பிறகு திருச்சிக்கு வந்தது. பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, பாட்டில்தான் உயிர். அதனால் வீட்டில் அடி விழுந்து, அவர் கடப்பைக்கு ஓடிப்போய், அங்கே கூட்டத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப். ஜி. நடேச ஐயர், நாடகப் பைத்தியம். அவர்தான் அந்தப் பையனை அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். முறையாகச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர் மதுரை பொன்னு ஐயங்கார்.

அந்தக் காலத்தில் ஒருவரின் தலையைப் பார்த்தே அவர் யார், என்ன சாதி, எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். முன்குடுமி, பின்குடுமி, கட்டுக்குடுமி என்று குடுமியிலேயே பல வகை. படித்து உத்தியோகத்துக்குப் போனவர்கள் மட்டும் குடுமியை எடுத்துவிட்டு, வெள்ளைக்காரரைப் போலக் கிராப்பு வைத்துக்கொண்டார்கள். பாகவதர் வைத்தது இரண்டிலும் சேராது. குடுமியாக முடியவில்லை, கிராப்பாகக் குட்டையாக வெட்டவுமில்லை. நீளத்தை விட்டு வைத்து, எண்ணெய் மினுங்கப் பின்னால் வாரி, தோளில் புரள விட்டார். அதற்கு ஊர் வைத்த பெயர் பாகவதர் கிராப். பட்டறைக்காரர் மகன் வைத்துக்கொண்ட முடியில் சாதி எழுதியிருக்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அதை வைத்துக்கொள்ள முடிந்தது. இது சின்ன விஷயம் இல்லை என்பது என் எண்ணம்.

மேடையில் பேர் வாங்கிய பவளக்கொடி நாடகத்தையே 1934-இல் கே. சுப்பிரமணியம் படமாக்கினார். மேடையில் ஜோடியாக நடித்த எஸ். டி. சுப்புலட்சுமியே படத்திலும் ஜோடி. ஏறக்குறைய 50 பாட்டு. படம் பார்த்தார்கள் என்பதை விடக் கச்சேரி கேட்டார்கள் என்றே சொல்லலாம்.

1937-இல் இரண்டு படங்கள் வந்தன. ஒய். வி. ராவ் இயக்கிய சிந்தாமணி, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதி. சிந்தாமணியில் வந்த லாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். பிறகு 1939-இல் திருநீலகண்டர், 1941-இல் அசோக்குமார், 1943-இல் சிவகவி. அர்ச்சுனன், அம்பிகாபதி, கண்ணிழந்த குணாளன் என்று வேடம் மாறிக்கொண்டே இருந்தது. ரசிகர்களுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். வில்லைப் பிடித்தாலும் சட்டியை வனைந்தாலும் அவர்களுக்கு அது பாகவதர்தான். முடி பாகவதர் முடிதான்.

பாகவதர் பட்டு ஜிப்பா போட்டார். காதில் வைரக் கடுக்கன், விரலில் வைர மோதிரம், உடம்பில் சவ்வாது வாசம். தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்று இன்றும் பேசுவார்கள். தோட்டத்துப் பையன் அதில் எதை வாங்க முடியும்? சம்பளநாள் அன்று கடைக்காரர் கணக்கை முடித்தால் கையில் நிற்பது சில்லறை. ஆனால் முடி காசு கேட்காது. வெட்டாமல் விட்டால் தானாக வளரும். பாகவதரிடமிருந்து என் தாத்தா போன்றவர்களுக்குக் கைக்கெட்டிய ஒரே சொத்து அதுதான்.

கேமரன் மலையில் அதை வைத்துக்கொள்வதும் லேசான காரியம் இல்லை. குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். தாத்தா போத்தலை அடுப்படியில் வைத்து இளக வைத்துத்தான் தடவுவாராம். காலையில் பெரட்டுக்குப் போகும்போது எல்லாரும் தலையில் துண்டு கட்டிக்கொள்வார்கள், இவர் மட்டும் கட்ட மாட்டார். முடி அமுங்கிவிடுமாம். பனியில் நனைந்து சளி பிடித்துப் படுத்த நாட்களும் உண்டு என்று பாட்டி சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு முடிவெட்ட வருபவருக்கும் தாத்தாவால் வருமானம் இல்லை. ஓரத்தைச் சீராக்கிவிட்டு, பாகவதர் பாட்டில் ஒன்றைத் தாத்தா பாடக் கேட்டுவிட்டுப் போவாராம்.

பிறகு சண்டை வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. இந்தியாவிலிருந்து வந்த கப்பல் நின்றது, படம் நின்றது, இசைத்தட்டு நின்றது. தோட்டத்து ஆட்களை ஆயிரமாயிரமாய்ச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு போனார்கள். தாத்தாவின் அண்ணன் போனவர் திரும்பவில்லை. அந்த வருடங்களில் தாத்தாவின் தலையும் மொட்டைதான். பேன், சிரங்கு, பசி. முடியை யார் பார்ப்பது?

நாம் இங்கே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் அங்கே பாகவதர் உச்சியில் இருந்தார். 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியானது. சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கம், டி. ஆர். ராஜகுமாரி, பாபநாசம் சிவன் பாட்டுகள். பணக்கார வீட்டு மைனராக அந்த முடியை அலைய விட்டு வருபவர், கால்களை இழந்து, தாய் தகப்பன் அருமை தெரிந்து பக்தனாகிறார். சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது.

ஆனால் இரண்டாவது தீபாவளியும் மூன்றாவது தீபாவளியும் வந்தபோது கதாநாயகன் சிறையில் இருந்தார்.

லட்சுமிகாந்தன் என்பவர் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பத்திரிகை நடத்தியவர். 1944 நவம்பர் 8-ஆம் தேதி சென்னையில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்துபோனார். டிசம்பரில் பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் கைது செய்தார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தோற்றது. கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கை மறுபடி விசாரிக்க உத்தரவாகி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கம்பிக்குப் பின்னால்.

மலாயாவுக்கு இந்தச் செய்தி வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு வருடம் ஒன்றும் தெரியாது. சண்டை முடிந்து கப்பல் வரத் தொடங்கியதும் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. பாகவதரின் புதுப் படங்களும் வந்தன, அவர் கொலை வழக்கில் உள்ளே இருக்கிறார் என்ற செய்தியும் வந்தது. தாத்தா மலையை விட்டு லாரியில் இறங்கிப் போய் ஹரிதாஸ் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் மறுபடி முடி வளர்க்க ஆரம்பித்தார்.

அப்போது அது வெறும் அழகுக்கு வைத்த முடி இல்லை. லயத்தில் சிலர் அதைக் கொலைகாரன் கிராப் என்று கேலி செய்தார்களாம். பாட்டி வீட்டில் பெண் கேட்டுப் போனபோது, மாப்பிள்ளை முடியை வெட்டினால் பேசலாம் என்று பாட்டியின் அப்பா சொல்லிவிட்டார். தாத்தா வெட்டவில்லை. கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பாகவதர் விடுதலையான பிறகுதான் தேதி குறித்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்ததா என்று பாட்டியிடம் கேட்டால், அந்தப் பைத்தியத்திடம் கேள் என்று தாத்தா பக்கம் கையைக் காட்டிவிடுவார். அடையாள அட்டைப் படம் அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் எடுத்தது.

விடுதலையான பாகவதருக்கு அந்தப் பழைய வாழ்க்கை திரும்பவில்லை. உள்ளே போகும்போது கையில் இருந்த படங்கள் கைமாறிப் போயிருந்தன. அவர் நடிக்க இருந்த உதயணன் வாசவதத்தா படத்தில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார். 1948-இல் சொந்தமாக எடுத்த ராஜமுக்தி ஓடவில்லை. சிறைக்கு முன்னால் ஒன்பது படம், பின்னால் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றுகூட ஹரிதாஸ் பக்கத்தில் நிற்காது. ரசிகனாக இருந்தும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

1952-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமரகவி, சியாமளா என்று பாகவதருக்கு இரண்டு படம். அதே வருடத் தீபாவளிக்கு வந்தது பராசக்தி. சிவாஜி கணேசன் குட்டையாக வெட்டிய கிராப்போடு வந்து வசனம் பேசினார். ஜனங்கள் பாட்டுக் கேட்ட காதால் வசனம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முடிவெட்டுக் கடைகளிலும் படம் மாறியது. தோளில் புரளும் முடி பழைய நாடகக்காரன் முடி என்றாகிவிட்டது.

பாகவதர் அதோடு சண்டை போடவில்லை. கோயில்களுக்குப் போனார், கச்சேரி செய்தார். 1957-இல் புது வாழ்வு என்று ஒரு படத்தைத் தானே இயக்கினார். அதுவும் போகவில்லை. சர்க்கரை வியாதி முற்றியது, பார்வை மங்கியது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 49. உடலைத் திருச்சிக்குக் கொண்டு போய் அடக்கம் செய்தார்கள். கடைசிப் படமான சிவகாமி அவர் போன பிறகு, 1960-இல்தான் வந்தது.

நம் நாட்டிலும் முடிக்காக ஒரு சண்டை நடந்தது ஞாபகம் இருக்கும். 1992-இல் நீளமுடி ரோக் பாடகர்கள் ஆர்.டி.எம்.மில் வரக்கூடாது என்றதும், சர்ச் ஏமியும் விங்ஸ் அவியும் முடியை வெட்டிக்கொண்டார்கள். டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது பாட்டி நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார். தாத்தா இருந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டார் என்று மட்டும் சொன்னார்.

தாத்தா அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே போய்விட்டார். கடைசிக் காலத்தில் முன்மண்டை முழுக்க வழுக்கை, பின்னால் மட்டும் நரைத்த முடி தோள்வரை தொங்கும். எம்.ஜி.ஆர். ரசிகரான என் அப்பாவுக்கு அது பெரிய வெட்கம். வெட்டச் சொல்லி எத்தனையோ முறை சண்டை. நாங்கள் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பாகவதர் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவோம். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

அவரைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியபோது, லயத்துக்கு முடிவெட்ட வந்துகொண்டிருந்தவரின் மகன் வந்திருந்தார். அவருக்கும் அப்போது வயதாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை. அப்பா உள்ளே போய் அடுப்படியிலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அவர் இரண்டு கையிலும் எண்ணெயைத் தேய்த்து, இருந்த கொஞ்ச முடியைப் பின்னால் வாரி, தோளில் சரியாக விழும்படி எடுத்து வைத்தார்.