ஜனாப் அப்துல் ரஹீம்

கால்பந்துக் கோஷ்டி ஒன்றின் வெற்றிக்குப் பயிற்சி ஆசிரியர் முக்கியமா, நிர்வாகி முக்கியமா என்னும் வாதம் மைதானம் உள்ள ஊர்தோறும் நிகழ்வது. திருச்சிராப்பள்ளி இளைஞர்களும் இதற்கு விலக்கல்லர். இவ்விஷயத்தில் முடிவான அபிப்பிராயம் கொள்ளுமுன், ஐதராபாத் ஜனாப் சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கையை நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

1909-ஆம் வருஷம் ஐதராபாத்தில் பிறந்த அவர் தொழிலால் பள்ளிக்கூட உபாத்தியாயர். பந்தாட்டத்தில் அவர் ஆடிப் பெற்ற புகழினும் பிறரை ஆட்டுவித்துப் பெற்ற புகழே பெரிது. 1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசிப் பதவி அவரை அடைந்தது. அந்நகரப் போலீஸ் கோஷ்டியைப் பழக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. இவ்வாறு, பந்தயங்களை ஏற்படுத்தும் அதிகாரமும் ஆட்டக்காரரைப் பழக்கும் வித்தையும் ஒரே கையில் கூடின. வலிமை குன்றிய காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும், பந்தைத் தானே உருட்டிச் செல்லாமல் கூட்டாளிக்குத் தள்ள வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்துத் தனிப் பந்தயங்கள் நடத்தினார். பயிற்சி ஆசிரியராக மட்டும் இருந்தால் இவற்றை யோசனையாகச் சொல்லி நின்றிருப்பார். காரியதரிசியாகவும் இருந்தமையால் நடத்தியே காட்டினார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருஷம் பம்பாய் ரோவர்ஸ் கோப்பை ஐதராபாத் போலீஸாரிடமே சென்றது.

இந்தியக் கோஷ்டியில் நிலைமை வேறு. அங்கே அவர் பயிற்சி ஆசிரியர். நிர்வாகமோ அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் வசம். 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் நமது கோஷ்டி ஈரானை ஒரு கோலால் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மறுவருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம்மவரிற் பலர் அங்கே வெறுங்காலுடன் ஆடினர். அதன் பின்னரே சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கிற்று. எத்துணைச் சிறந்த ஆசிரியராயினும், நிர்வாகம் முன்னரே செய்திருக்க வேண்டியதை மைதானத்தில் ஈடுசெய்தல் இயலாது என்பதற்கு இது சான்று.

1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் பெருமையை இந்தியா பெற்றது. முடிவில் நான்காம் இடம் கிடைத்தது.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குச் சென்றபோது அவருடைய தேகத்தைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதற் பந்தயத்தில் தென் கொரியாவிடம் தோல்வி. மற்றொரு பந்தயத்தில் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் இட நேர்ந்தது. காவல் வரிசைக்காரரான அவரை ஜனாப் ரஹீம் முன்னணியில் ஆடச் செய்தார். செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதிப் பந்தயத்தில் அதே தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. பி. கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட்டனர். கோல் காத்தவர் மதராஸ் ரெஜிமெண்டில் பேர்பெற்ற பீட்டர் தங்கராஜ். இவ்வெற்றி முழுதும் ஆசிரியரின் நுண்ணறிவுக்கு உரியது. 1963 ஜூன் 11-இல் அவர் காலமானார்.

அவர் பழக்கியவர்களிற் சிலர் பின்னர்ப் பயிற்சி ஆசிரியராயினர். 1970-இல் பாங்காக்கில் வெண்கலப் பதக்கமும் கிடைத்தது. ஆயின் ஆசிய விளையாட்டுத் தங்கம் இன்றுவரை திரும்பவில்லை.

ஸ்ரீரங்கத்தார் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். உடையவர் ராமானுஜர் ஆசாரியராக விளங்கியதோடு அரங்கன் கோயில் நிர்வாகத்தையும் திருத்தி அமைத்தார். கைங்கரியங்களை இன்னின்னார்க்கு என்று வகுத்தார். 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்பது மரபு. அதனால் அவருக்குப் பின்னும் காரியம் தளரவில்லை. ஜனாப் ரஹீமுக்கு ஐதராபாத்தில் அவ்விரண்டு அதிகாரமும் இருந்தன. தேசக் கோஷ்டியில் ஒன்றே இருந்தது. தமக்குப் பின் வருவோரை வரிசைப்படுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை; அதிகாரம் உடையோர் அதைச் செய்யவில்லை.

ஆகவே, ஒரு பந்தயத்தை வெல்வதற்கு ஆசிரியரே முக்கியம். வெற்றி ஒருவருடைய ஆயுளோடு முடியாமலிருக்க நிர்வாகியே முக்கியம். நமது ஊர்ச் சங்கங்கள் காரியதரிசியைத் தேர்ந்தெடுக்கும்போது, இன்றைய ஆசிரியருக்குப் பின் சிறுவர்களைப் பழக்குபவர் யார் என்று அவரைக் கேட்கட்டும். விடை கூற வல்லவரையே அப்பதவியில் அமர்த்துவது, ஜகார்த்தாவில் நோயுடன் போராடி வென்ற அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதை.