'பண்பாடு' என்ற சொல் எப்போ வந்தது? குற்றாலத்து டி.கே.சி.யின் கதை

பொங்கல் வந்தா பண்பாடு, வேட்டி கட்டினா பண்பாடு. தினமும் புழங்குற இந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் வந்து நூறு வருஷம்கூட ஆகலை, தெரியுமா? ஆங்கிலத்து 'கல்ச்சர்' என்பதற்கு ஈடாக 1937-ல் இதை முதலில் எடுத்தாண்டவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் என்கிறார் தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை.

யார் இந்த டி.கே.சி.?

1882-ல் பிறந்த தென்காசிக்காரர். சட்டம் படித்தும் வக்கீல் தொழிலில் மனசு ஒட்டலை. சட்ட மேலவை உறுப்பினர், அறநிலைய ஆணையர் என பதவிகள் வந்தன. பேர் வாங்கிக் கொடுத்தது என்னவோ 'வட்டத்தொட்டி'தான். 1920-களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள். ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பார்கள், அவ்வளவுதான். ராஜாஜியும் கல்கியும் இவருடைய நெருங்கிய நண்பர்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாட்டுகளை ஊரறியச் செய்ததில் இவருக்குப் பெரிய பங்கு.

சமூகவியல் சொல்வது வேற

1871-ல் எட்வர்ட் டைலர் கொடுத்த விளக்கப்படி அறிவு, நம்பிக்கை, கலை, சட்டம், வழக்கம் என சமூகத்தில் வாழ்ந்து நாம் கற்றுக்கொள்ளும் எல்லாமே பண்பாடுதான். வீட்டுப் பித்தளைக் குடம் அதன் பொருள் பகுதி. அதில் யார் முதலில் தண்ணி மொள்ளலாம் என்ற விதி, கண்ணுக்குத் தெரியாத பகுதி. இந்தக் கணக்கில் பண்பாடு இல்லாத மனுஷனே கிடையாது.

ஆனா தமிழ்ச் சொல்லில் நிலத்தைப் பண்படுத்துற வாசனை இருக்கு. பண்பட்டவர், படாதவர் என்ற பிரிவும் கூடவே வந்துடுது. 'பண்பாடு இல்லாதவன்' என்று திட்டுறது அப்படித்தான் சாத்தியமாகுது.

யார் தீர்மானிப்பது?

டி.கே.சி.யும் இந்தச் சிக்கலில் மாட்டியவர்தான். கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துச் சொச்சம் பாடல்களில் பலவற்றை இடைச்செருகல் என ஒதுக்கினார், சிலவற்றைத் திருத்தினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். ஒருத்தர் ரசனை அளவுகோலாகலாமா என்ற அந்தக் கேள்வி நியாயமானதே. அதே ரசனைதான் அவரைத் தமிழிசை இயக்கத்திலும் நிறுத்தியது: கேட்பவனுக்குப் புரியுற மொழியில் கச்சேரி வேணும் என்பது அவர் கட்சி.

கடைசிக் காலம் குற்றாலத்தில். பக்கத்துப் புளியறை அப்போ செங்கோட்டையோடு சேர்ந்து திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. பேச்சும் பழக்கமும் எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்காத ஊர். 1956 நவம்பர் 1-ல் அது தமிழகத்தோடு சேர்ந்தது. டி.கே.சி. அதைப் பார்க்கலை, 1954 பிப்ரவரி 16-ல் காலமாகியிருந்தார்.