கூடாரங்களில் தங்கிய குடும்பங்கள்



நம் காரைக்குடிப் பகுதியில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது, சில வீடுகளின் பின்கட்டில் ஒரு கதவு மட்டும் திறக்கப்படுவதில்லை. உள்ளே மனநோயுற்ற மகனோ சகோதரியோ இருப்பதைப் பிறகுதான் அறிகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் மாண்டார்கள். அவர்களும் ஏதோ ஒரு குடும்பத்தின் பிள்ளைகள்தாம்.

நோயுற்றவரைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பதை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியவர் டாக்டர் வித்யா சாகர். 1909-இல் பிறந்த இவர், 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின், லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950-இன் இறுதியில் அமிர்தசரசுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அந்நாளில் மனநோய்க்கான மருந்துகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. மருத்துவர்களும் செவிலியர்களும் மிகக் குறைவு. மதிற்சுவருக்குள் பிள்ளையை விட்டுச் சென்ற குடும்பங்கள் பல, திரும்பி வந்ததே இல்லை.

இந்த நிலையில் அவர் உறவினர்களை உள்ளே அழைத்தார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வழி செய்தார். தாயோ கணவனோ அருகில் இருந்ததால் நோயாளியின் அச்சம் தணிந்தது. நோய் எப்படிப்பட்டது, எவ்வாறு கவனிக்க வேண்டும் என்பதை உறவினர்கள் கண்ணால் கண்டு கற்றார்கள். எங்கள் குற்றத்தால் வந்ததோ என்று மனதிற்குள் வெந்தவர்கள், அதே துன்பத்தில் இருந்த பிற குடும்பங்களைக் கண்டு ஆறுதல் அடைந்தார்கள். நலம் பெற்றவரை வெட்கமின்றி வீட்டிற்கு அழைத்துச் சென்றார்கள்.

வித்யா சாகர் அதிகம் எழுதியவர் அல்லர். பின்னாளில் ரோத்தக் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றி, 1978-இல் மறைந்தார். அமிர்தசரஸ் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் காட்டிய வழி நம் தமிழகத்திலும் தொடர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. 1980களில் பெங்களூரில் ஓர் ஒப்பாய்வு நடந்தது. மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு பிரிவினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்றப் பிரிவினரை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்து, செவிலியர் சென்று கவனித்தார். வீட்டில் இருந்தவர்களே அதிக முன்னேற்றம் கண்டார்கள். குடும்பத்தின் சுமையும் செலவும் குறைந்தன. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது.

ஆனால் பூட்டிய கதவைச் சட்டம் மட்டும் திறந்துவிடாது. பேய் பிடித்தது என்று சொல்லி, மருத்துவரிடம் போகாமல் ஆண்டுகளை வீணாக்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உண்டு. செபமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகை அல்ல. அதுபோலவே, இரவும் பகலும் கவனித்துக் களைத்த தாய்க்கு ஒருநாள் ஓய்வு கொடுக்க அண்டை வீட்டார் முன்வர வேண்டும். அவர் மகளுக்கு வரன் பார்க்கும்போது, அண்ணனின் நோயைச் சொல்லி நாம் தடுக்காமல் இருக்க வேண்டும்.

அமிர்தசரசில் கூடாரம் அடிக்க ஒரு மருத்துவர் இருந்தார். நம் பங்கில் அந்தக் கூடாரமாக இருக்க வேண்டியவர்கள் நாமே. அடுத்த முறை வீடு மந்திரிக்க வரும்போது, பின்கட்டுக் கதவும் திறந்திருக்கட்டும்.