யோசேப்பு ரப்பான்

யோசேப்பு ரப்பான் என்பவர் கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் சேர நாட்டில் வாழ்ந்த யூதத் தலைவர் ஆவார். சேர மன்னர் பாஸ்கர இரவிவர்மன் இவருக்கு வழங்கிய செப்பேட்டின் மூலம் இவர் அறியப்படுகிறார். செப்பேட்டில் இவரது பெயர் இசுப்பு இறப்பான் எனக் காணப்படுகிறது. ரப்பான் என்பது எபிரேய, அரமேய மரபில் ஆசிரியரைக் குறிக்கும் பட்டமாகவும் வழங்கிய சொல். கொச்சி யூதர்கள் இவரைத் தங்கள் முதல் அரசராகவே போற்றி வந்தனர். இவர் எந்தக் காலத்தவர் என்பதை ஒட்டியே இவர் அரசரா, வணிகரா என்ற வினாவும் நெடுநாள் ஆராயப்பட்டு வந்தது.

செப்பேடு

ரப்பானின் பிறப்பு, பெற்றோர், மறைவு பற்றிய சமகாலக் குறிப்புகள் எவையும் இல்லை. இவரது வாழ்க்கை என்று உறுதியாகக் கூறத்தக்கது ஒரே ஒரு நிகழ்வுதான். மன்னர் முயிரிக்கோட்டில் இருந்தபோது அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் இவருக்கு அளித்தார். முயிரிக்கோடு இன்றைய கொடுங்கல்லூர் எனக் கொள்ளப்படுகிறது. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் ஆகியவை அவ்வுரிமைகளுள் அடங்கும். உல்கு என்னும் சுங்கமும் துலாக்கூலியும் இவருக்கு விலக்கப்பட்டன. இவ்வுரிமைகள் இவருடைய மக்களுக்கும் மருமக்களுக்கும் வழிவழியாகச் செல்லும் என்றும் எழுதப்பட்டது. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் சாட்சிகளாக உள்ளனர்.

செப்பேடு வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகள் கலந்து, அக்காலச் சேர நாட்டு வழக்கில் எழுதப்பட்டுள்ளது. பெற்றவர் யூதர் என்றாலும் இதில் ஒரு எபிரேய எழுத்துகூட இல்லை. தமிழ் அறிந்தவர் இதன் சொற்கள் பலவற்றை இன்றும் இனங்காண இயலும். இது மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

காலக் கணிப்பு

கொச்சி யூத மரபு இக்கொடையைக் கி.பி. 379-ஆம் ஆண்டுக்கு உரியதாகக் கூறும். 19-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் சிலர் எழுத்தமைதியைக் கொண்டு 8-ஆம் நூற்றாண்டு என்றனர். செப்பேட்டில் கலியாண்டோ சக ஆண்டோ இல்லாததே இக்குழப்பத்துக்குக் காரணம். அதில் உள்ளது மன்னரின் ஆட்சியாண்டு மட்டுமே. அதுவும் இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு என்ற முறையில், அதாவது 38-ஆம் ஆண்டு எனக் குறிக்கப்பட்டுள்ளது.

ஆகவே, மன்னர் ஆட்சிக்கு வந்த ஆண்டை வேறு வழியில் அறிய வேண்டியிருந்தது. இதே மன்னரின் வேறு சில கல்வெட்டுகள் வியாழன் நின்ற இராசியைக் குறிப்பிடுகின்றன. வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே இராசிக்குத் திரும்புவதால், ஆட்சியாண்டுடன் சேர்த்துக் கணக்கிட முடிந்தது. இவ்வழியில் ஆட்சித் தொடக்கம் 962 எனக் கொள்ளப்பட்டது. அதன்படி கொடையின் ஆண்டு 1000 ஆகிறது. வரலாற்றாய்வாளர் எம். ஜி. எஸ். நாராயணன் நிறுவிய இக்கணிப்பே இப்போது பரவலாக ஏற்கப்படுகிறது.

அரசரா, வணிகரா

ஆண்டு தெளிவானதும் சூழலும் தெளிவாகிறது. 1000-இல் தஞ்சையில் முதலாம் இராசராசன் ஆண்டு வந்தார். சேரர்கள் சோழர்களின் படையெடுப்புக்கு ஆளாகியிருந்தனர். அந்நெருக்கடியில் யூத வணிகர்கள் பொருளாலும் கலங்களாலும் உதவியிருக்கலாம் என்றும், அதற்கான கைம்மாறே இக்கொடை என்றும் நாராயணன் கருதினார். செப்பேடு இதனை நேரடியாகக் கூறவில்லை. எனினும் பொருத்தமான விளக்கமே.

அஞ்சுவண்ணம் என்பது ஒரு சிற்றரசு என முன்னர் எண்ணப்பட்டது. ஆனால் 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளிலும், பாண்டிய நாட்டுத் தீர்த்தாண்டதானம் கல்வெட்டிலும் அது வணிகக் குழுவாகவே வருகிறது. 72 விடுபேறு என்ற தொடரை 72 வீடுகள் என்று பொருள்கொண்டதும் அரசர் என்னும் கதைக்குத் துணைசெய்தது. ரப்பான் நாடாண்டவர் என்பதைவிட, அரசமரியாதை பெற்ற வணிகத் தலைவர் என்பதே சான்றுகளுக்கு ஒத்தது.

கல்லறைச் சான்றுகள்

ரப்பானின் கல்லறை அடையாளம் காணப்படவில்லை. செருமனியின் வோர்ம்சு நகர யூத இடுகாட்டில் 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே ஆண்டு பொறித்த கற்கள் உள்ளன. அவை ரப்பானுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களுள் மிகப் பழையதோ இசுரயேலின் மகள் சாராவுடையது. எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தில் யூதத் தொழுகைக்கூடத்தின் முன் அது நிற்கிறது.

எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு என்பதால் ஆண்டை எழுத்துகளாலேயே பொறிப்பர். பிற்கால யூதக் கற்களில் உலகத் தோற்ற ஆண்டு காணப்படும். சாராவின் கல்லில் இருப்பது செலூக்கிய ஆண்டு 1581, கிசிலேவு மாதம். இவ்வாண்டு கி.மு. 312-இன் இலையுதிர் காலத்தில் தொடங்குவதால், 312-ஐக் கழிக்க 1269-இன் இறுதி கிடைக்கிறது. உலகத் தோற்ற ஆண்டு எனத் தவறாகக் கொண்டால் கணக்கு கிறித்துவுக்கு முன் சென்றுவிடும். இக்கல் கொடுங்கல்லூரிலிருந்து கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இடம்பெயர்ந்த கல் இறந்த ஆண்டைக் காட்டுமே தவிர, இடுகாடு இருந்த இடத்தைக் காட்டாது.

ரப்பானுக்கும் சாராவுக்கும் இடையே 269 ஆண்டுகள் உள்ளன.

வழித்தோன்றல் உரிமை

மலபார் யூதர், பிற்காலத்தில் குடியேறிய பரதேசி யூதர் ஆகிய இரு பிரிவினரும் ரப்பானின் உரிமைகளுக்குத் தாமே வாரிசுகள் எனக் கூறிவந்தனர். செப்பேடு பரதேசிகளிடம் இருந்தது இப்பிணக்கை வளர்த்தது. 1948-இல் இசுரேல் உருவான பின் இரு பிரிவினரிலும் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். 2017-இல் இந்தியப் பிரதமர் இசுரேல் சென்றபோது இச்செப்பேட்டின் படியொன்றை அந்நாட்டுப் பிரதமருக்கு வழங்கினார்.