மார்ட்டிம் அபோன்சோ டி சோசா

மார்ட்டிம் அபோன்சோ டி சோசா (ஏறத்தாழ 1500 – 1564) ஒரு போர்த்துக்கேயக் கடற்படைத் தலைவரும் நாடுகாண் பயணியும் ஆவார். பிரேசிலில் போர்த்துக்கேயரின் முதல் நிலையான குடியேற்றமான சாவோ விசென்ட்டே நகரை 1532-ஆம் ஆண்டு நிறுவினார். 1542 முதல் 1545 வரை கோவாவைத் தலைமையிடமாகக் கொண்டு போர்த்துக்கேய இந்தியாவின் ஆளுனராகப் பணியாற்றினார். தென் அமெரிக்காவின் வெள்ளி மலை, சுமாத்திராவுக்கு அப்பாலிருந்ததாகக் கூறப்பட்ட தங்கத் தீவு, திருமலைக் கோயிலின் செல்வம் ஆகிய மூன்றையும் தேடிப் படை அனுப்பியவர் என்பதால், பொன் தேடிய ஐரோப்பியர் வரலாற்றில் இவருக்குத் தனியிடம் உண்டு. மூன்று முயற்சிகளும் தோல்வியிலேயே முடிந்தன.

இளமை

போர்த்துகலின் விலா விசோசா நகரில் ஓர் உயர்குடியில் பிறந்தார். பிரகான்சா கோமகனிடம் பணியாற்றிய பின்னர், இளவரசர் யோவானின் நட்பைப் பெற்றார். இந்த இளவரசரே 1521-இல் மூன்றாம் யோவான் என்னும் பெயருடன் முடிசூடினார். சில ஆண்டுகள் எசுப்பானியாவில் வாழ்ந்த சோசா, அங்கு அனா பிமென்டெல் என்ற உயர்குடிப் பெண்ணை மணந்தார். கணவர் இந்தியாவில் இருந்த காலத்தில் சாவோ விசென்ட்டே நிலப்பகுதியை நிர்வகித்தவர் இவரே.

பிரேசில் பயணம்

1530 திசம்பரில் ஐந்து கப்பல்களுடனும் ஏறத்தாழ 400 பேருடனும் சோசா லிசுபனிலிருந்து புறப்பட்டார். பிரெஞ்சு வணிகரைப் பிரேசில் கரையிலிருந்து விரட்டுவதும், குடியேற்றத்திற்கு ஏற்ற இடங்களைக் கண்டறிவதும் பயணத்தின் நோக்கங்களாகும். இவருடைய தம்பி பெரோ லோப்பசு டி சோசா உடன் சென்று பயண நாட்குறிப்பு எழுதினார். இப்பயணத்தைப் பற்றி அறிய உதவும் முதன்மைச் சான்று அந்நூலே.

அக்காலத்தில் பிரேசிலின் தென்கரையில், உள்நாட்டில் வெள்ளியால் ஆன மலை ஒன்றும், அதனை ஆளும் வெள்ளை அரசர் ஒருவரும் இருப்பதாகக் கதை வழங்கிவந்தது. அக்கரையில் கப்பல் உடைந்து தங்கிய அலேசோ கார்சியா என்ற போர்த்துக்கேயர், 1520-களில் பழங்குடியினருடன் மேற்கே நடந்து சென்று வெள்ளி கொண்டுவந்ததும், திரும்பும் வழியில் கொல்லப்பட்டதும் இக்கதைக்கு வலுவூட்டின.

1531 ஆகத்து மாதம் கனனேயாவை அடைந்த சோசா, அங்கு நெடுநாள் வாழ்ந்த பிரான்சிசுகோ டி சாவெசு என்பவரைச் சந்தித்தார். பத்து மாதங்களுக்குள் தங்கமும் வெள்ளியும் சுமந்த நானூறு அடிமைகளுடன் திரும்புவதாகச் சாவெசு உறுதியளித்தார். இதனை நம்பிய சோசா, பெரோ லோபோ தலைமையில் 80 வீரர்களைச் செப்டம்பர் மாதத்தில் அனுப்பினார். அவர்களில் பாதிப் பேர் குறுக்குவில் வீரர்கள்; மற்றவர்கள் துப்பாக்கி வீரர்கள். இவர்கள் அனைவரும் உள்நாட்டுப் பழங்குடியினரால் கொல்லப்பட்டனர்.

கதை முற்றிலும் பொய்யானதன்று. மேற்கே வெள்ளி மிகுந்த பேரரசு ஒன்று இருந்தது. அது இன்காப் பேரரசு. அதன் அரசர் அட்டகுவால்பாவை, 1532 நவம்பரில் பிரான்சிசுகோ பிசாரோ தலைமையிலான எசுப்பானியர் பசிபிக் கரை வழியாகச் சென்று சிறைபிடித்தனர்.

சோசாவுக்கு எஞ்சியது சாவோ விசென்ட்டே நகரும் அதன் கரும்புத் தோட்டங்களுமே. அங்கு அமைக்கப்பட்ட சர்க்கரை ஆலைகள் பிரேசிலின் தொடக்ககாலச் சர்க்கரை ஆலைகளுள் அடங்கும். 1533-இல் அவர் நாடு திரும்பினார்.

இந்தியாவில் கடற்படைத் தலைவர்

1534-இல் இந்தியக் கடலின் தலைமைத் தளபதியாக அனுப்பப்பட்டார். இவருடன் வந்த மருத்துவர் கார்சியா டி ஓர்ட்டா, பின்னாளில் இந்திய மூலிகைகளைப் பற்றி 1563-இல் கோவாவில் வெளியான நூலால் புகழ்பெற்றார். குசராத்து சுல்தான் பகதூர் சாவிடமிருந்து 1535-இல் டையூவில் கோட்டை கட்டும் உரிமையைப் போர்த்துக்கேயர் பெற்றதில் சோசாவுக்கும் பங்குண்டு.

தமிழக வரலாற்றில் இவர் பெயர் இடம்பெறுவது 1538-ஆம் ஆண்டு வேதாளைப் போரினால் ஆகும். கோட்டை அரசர் ஏழாம் புவனேகபாகுவை எதிர்த்த சீதாவாக்கை அரசர் மாயாதுன்னைக்கு உதவ, கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படை மரக்காயர்கள் தலைமையில் சென்றது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் சோசா அதனைத் தாக்கி முறியடித்தார். இதன் பின்னர் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கேயரின் செல்வாக்கு உறுதிப்பட்டது.

ஆளுனர்

1541 ஏப்ரலில் ஆளுனராக லிசுபனிலிருந்து புறப்பட்ட சோசாவின் கப்பலில் பிரான்சிசு சவேரியாரும் பயணம் செய்தார். மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்கிய பின்னர், 1542 மே மாதம் இருவரும் கோவாவை அடைந்தனர். சவேரியார் அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்குச் சென்றார். சோசா பட்கல் துறைமுகத்தைத் தாக்கி அழித்தார்.

தங்கத் தீவு

சுமாத்திராவுக்கு அப்பால் தங்கத் தீவு ஒன்று இருப்பதாகப் போர்த்துக்கேய மாலுமிகள் நம்பினர். பழைய இந்திய நூல்களில் வரும் சுவர்ணத்தீவு என்னும் பெயரோடு இந்நம்பிக்கை தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. தியோகோ பச்சேக்கோ என்பவர் 1519-20 காலப்பகுதியில் இதனைத் தேடிச் சென்று உயிரிழந்தார். சோசா தம் ஆட்சிக் காலத்தில் செரோனிமோ டி பிகெய்ரெடோ என்பவரை இதே தேடலுக்கு அனுப்பினார். அவரும் தீவைக் காணவில்லை.

திருமலைப் படையெடுப்பு

1543-இல் சோசா ஒரு பெரும் கப்பற்படையைத் திரட்டினார். போர்த்துக்கேயர் திரெமெலே என்று எழுதிய திருமலைக் கோயிலைக் கொள்ளையிடுவதே அதன் நோக்கம். விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் 1513 முதல் பலமுறை அங்கு சென்று பொன்னும் மணியும் வழங்கியதும், கருவறை விமானத்திற்குப் பொன் வேய்ந்ததும் நாடெங்கும் அறியப்பட்ட செய்திகளாகும். 1542-இல் அச்சுதராயர் மறைந்தபின் விசயநகரில் ஏற்பட்ட அரியணைப் பூசலும் தமக்குச் சாதகமாகும் என்று போர்த்துக்கேயர் எண்ணியிருக்கலாம்.

காற்று எதிராக வீசியதால் கப்பல்களால் குமரிமுனையைச் சுற்றிச் சோழமண்டலக் கரைக்குச் செல்ல இயலவில்லை. பெருஞ்செலவில் திரட்டிய படையுடன் வெறுங்கையாகத் திரும்ப விரும்பாத சோசா, கொல்லத்திற்கு அருகிலுள்ள தேவலக்கரைக் கோயிலைக் கொள்ளையிட்டார். கொல்லம் போர்த்துக்கேயருடன் நட்புறவு கொண்டிருந்த பகுதி என்பது குறிப்பிடத்தக்கது. எதிர்பார்த்த அளவில் பொன் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் நாயர் படையினர் தாக்கியதில் போர்த்துக்கேயர் பலர் உயிரிழந்தனர். இந்நிகழ்வைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே பதிவு செய்துள்ளனர்.

தென்னிந்தியக் கோயில்களின் செல்வம் பெரும்பாலும் குவித்துவைத்த பொன்னாக இருக்கவில்லை. எடுத்துக்காட்டாக, திருப்பெரும்புதூர் அருகிலுள்ள மணிமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் முதன்மையாக நிலக்கொடைகளைக் குறிப்பிடுகின்றன. பிற கோயில்களிலும் நெல் வருவாய், விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுமாடுகள், வட்டிக்கு ஊர்ச்சபையிடம் அளித்த பொன் ஆகியவையே மிகுதி. இத்தகைய செல்வத்தைக் கப்பலில் ஏற்றிச் செல்ல இயலாது.

இறுதிக் காலம்

பீசப்பூர் சுல்தானின் அரியணைக்கு உரிமை கோரிய மீயாலே என்ற இளவரசரைக் கோவாவில் வைத்துக்கொண்டு, சுல்தானிடம் பணமும் நிலமும் பெற்றது சோசாவின் ஆட்சியில் நிகழ்ந்த மற்றொரு சர்ச்சையாகும். 1545-இல் யோவான் டி காசுட்ரோ ஆளுனராக வந்தார். அவர் 1547-இல் விசயநகரத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டார். ஆயினும் 1558-ஆம் ஆண்டளவில் இராமராயர் மயிலாப்பூர் போர்த்துக்கேயர் மீது படையெடுத்துத் தண்டம் விதித்தார்.

நாடு திரும்பிய சோசா, தம் வாழ்வையும் பணிகளையும் பற்றிய சுருக்கமான குறிப்பு ஒன்றை எழுதினார். 1564-இல் லிசுபனில் காலமானார்.

மதிப்பீடு

எல் டொராடோ என்ற பெயர் 1540-களில்தான் பரவத் தொடங்கியது. கொன்சாலோ பிசாரோ 1541-இலும், ஆங்கிலேயரான வால்ட்டர் ராலே 1595-இலும் அதனைத் தேடிச் சென்றனர். அவர்களோடு ஒப்பிடுகையில் சோசா குறைவாகவே அறியப்பட்டவர். எனினும் ஒரே மனிதரின் வாழ்வில் அமெரிக்கக் காட்டிலும் இந்தியப் பெருங்கடலிலும் ஒரே நம்பிக்கை மூன்று வடிவங்களில் தோன்றியதைக் காணலாம். தேடிய பொன் அவருக்குக் கிட்டவில்லை. கனனேயாவிலிருந்து அனுப்பப்பட்ட 80 வீரர்களும் தேவலக்கரைச் சண்டையில் மாண்டவர்களும் அத்தேடலின் விலையாயினர். பொன்னுக்காக அன்றி நிறுவிய சாவோ விசென்ட்டே நகரம் மட்டும் இன்றும் நிலைத்துள்ளது.