சக்கர நாற்காலியில் இருந்து ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸ்

முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர் என்ன வேலை செய்ய முடியும்? வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக் கொண்டு இருக்கலாம். அவ்வளவுதான் என்று பலரும் நினைப்பார்கள்.

ஆனால், அப்படிக் கால் முடங்கிய ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். மற்றவர்களின் மடங்கிப் போன விரல்களை நிமிர்த்தினார். தம்மைப் போல முடங்கியவர்கள் எழுந்து உட்காரவும், மறுபடியும் பிழைக்கவும் வழி செய்தார்.

அவர்தான் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

இவருடைய கதையை ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்துக் குடும்பங்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். ஏன் என்றால், இது உழைப்பாளிகள் வாழும் பகுதி. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், சாரத்தில் ஏறுகிறவர்கள், எந்திரத்தின் முன்னால் நிற்கிறவர்கள் இங்கே ஏராளம். ஒரு நொடி கால் தவறினால் போதும். சம்பாதித்துப் போடும் ஆள் படுத்த படுக்கை ஆகி விடுவார். குடும்பமே ஆட்டம் கண்டு விடும்.

கொச்சிப் பெண்

மேரி வர்கீஸ் 1925-ம் ஆண்டு பிறந்தார். கேரளத்தில் உள்ள கொச்சிப் பகுதியைச் சேர்ந்தவர். டாக்டருக்குப் படிக்க வேலூர் வந்தார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி எப்படித் தோன்றியது? ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க லேடி டாக்டர் 1900-ம் ஆண்டில் அங்கே ஒரு சிறு மருத்துவ விடுதியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் படிப்பையும் ஆரம்பித்தார். அதுவே பெரிய கல்லூரியாக வளர்ந்தது.

மேரி அங்கே படித்துத் தேறினார். அங்கேயே டாக்டராக வேலையும் பார்த்தார். பெண்களுக்கு வைத்தியம் செய்வதில்தான் அவருக்கு ஆசை. அந்தத் துறையிலேயே மேலே போக எண்ணினார்.

வண்டி உருண்டது

1954-ம் ஆண்டு. இளம் டாக்டர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். மேரியும் போனார்.

வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதை விடப் பெரிய காயம் முதுகில். முதுகுத் தண்டு நசுங்கி விட்டது.

முதுகுத் தண்டு என்பது மூளையில் இருந்து கை கால்களுக்குச் செய்தி கொண்டு போகும் நரம்புக் கற்றை. மின்சாரக் கம்பி அறுந்தால் அந்தப் பக்கம் விளக்கு எரியாது அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். கால் இருக்கும், அசையாது. குத்தினாலும் வலிக்காது. சிறுநீர் கழிப்பதுகூடத் தன் வசத்தில் இராது.

மேரிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறருக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவர் நோயாளியாகப் படுத்தார். இனி நடக்க முடியாது என்பதை டாக்டரான அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. அவர் மனம் உடைந்து போனார்.

கை இருக்கிறதே!

அந்த ஆஸ்பத்திரியில் பால் பிராண்டு என்ற டாக்டர் இருந்தார். இங்கிலாந்துக்காரர். ஆனால், பிறந்தது நம் கொல்லி மலையில், 1914-ம் ஆண்டு. தச்சு வேலை, கட்டட வேலை எல்லாம் கற்ற பிறகே அவர் டாக்டருக்குப் படித்தார்.

தொழுநோயாளிகளின் கைகளைச் சரிப்படுத்துவதில் பால் பிராண்டு பெரிய நிபுணர். தொழுநோய் நரம்பைத் தாக்கும். அதனால் விரல்கள் பறவையின் நகம் போல உள்ளே மடங்கிக் கொள்ளும். கையில் கெட்டுப் போகாத தசை ஏதாவது இருக்கும். அதன் நாணை எடுத்து, மடங்கிய விரலோடு அவர் இணைப்பார். பிறகு பயிற்சி கொடுப்பார். விரல் மறுபடியும் நிமிரும்.

இந்த ஆபரேஷனை மேரி செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது.

அவர் எப்படி யோசித்தார் என்பதைக் கவனியுங்கள். மேரிக்குக் கால் போய் விட்டது. ஆனால், இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன. மூளை இருக்கிறது. படித்த படிப்பு இருக்கிறது. வயிற்றில் ஆபரேஷன் செய்வதானால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கையில் ஆபரேஷன் செய்ய நிற்க வேண்டியது இல்லை. நோயாளியின் கையைப் பலகை மேல் நீட்டி வைத்து, டாக்டர் உட்கார்ந்து கொண்டே செய்யலாம்.

மேரி முதலில் தயங்கினார். பிறகு துணிந்தார். சக்கர நாற்காலியைத் தள்ளிக் கொண்டு போக ஆள் கிடைத்தார்கள். கருவிகளை எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தார்கள். இந்த உதவியோடு மேரி கத்தியைக் கையில் எடுத்தார். அவர் வேலை சுத்தமாக இருந்தது.

நோயாளிகளும் அவரைப் பார்த்தார்கள். தங்களுக்கு வைத்தியம் செய்கிறவர் தங்களை விட அதிகமாக முடங்கியவர் என்பதைக் கண்டார்கள். அது அவர்களுக்குப் புதுத் தெம்பு கொடுத்தது.

கை சரியானது, வயிறு?

இங்கே இன்னொரு சங்கதியைச் சொல்ல வேண்டும்.

பால் பிராண்டிடம் கையைச் சரி செய்து கொண்டு ஊருக்குப் போன சிலர், வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். முன்பு மடங்கிய கையை நீட்டிப் பிச்சை கேட்டபோது காசு விழுந்தது. இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சை குறைந்து விட்டது. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலை கொடுக்கவும் ஆள் இல்லை!

பால் பிராண்டுக்குச் சுருக்கென்று பட்டது. கையைக் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் கொடுக்க வேண்டும் என்பது புரிந்தது. நோயாளிகள் தங்கித் தொழில் பழக ஒரு சிறு குடியிருப்பு ஏற்பட்டது. மரவேலை கற்றுக் கொடுத்தார்கள். பொம்மைகள் செய்தார்கள்.

தொழுநோயாளியின் கைக்கு வலி தெரியாது. உளியை அளவுக்கு மேல் இறுக்கிப் பிடித்துத் தோலைப் புண்ணாக்கிக் கொள்வார். அதனால் கையை உறுத்தாத கைப்பிடிகள் தேவைப்பட்டன. வேலை முடிந்ததும் கையைப் பார்த்துக் கொள்ளும் பழக்கமும் தேவைப்பட்டது. ஆளுக்குத் தகுந்தபடி கருவியை மாற்றினார்கள். கருவிக்குத் தகுந்தபடி ஆளை வதைக்கவில்லை.

கடல் கடந்து படிப்பு

மேரி ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகருக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பவர் ஒரு மறுவாழ்வு மருத்துவ நிலையம் நடத்தி வந்தார். நோயை நீக்கினால் பாதி வேலைதான் முடிந்தது, நோயாளி வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பினால்தான் வைத்தியம் முழுமை பெறும் என்பது அவருடைய கொள்கை. மேரி அவரிடம் உபகாரச் சம்பளத்தில் படித்தார்.

நினைத்திருந்தால் அங்கேயே தங்கி இருக்கலாம். மேரி திரும்பி வந்தார். 1963-ம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவர் ஆனார். 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் அதுவே முன்னோடி.

அங்கே என்ன கற்றுக் கொடுக்கிறார்கள்? கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே உடுத்துவது, குளிப்பது, சமைப்பது போன்றவற்றைக் கற்றுக் கொடுக்கிறார்கள். படுக்கைப் புண் வராமல் காப்பதையும் சொல்லித் தருகிறார்கள். உணர்ச்சி இல்லாதவர் ஒரே நிலையில் உட்கார்ந்தால் தோல் அழுகி விடும். ஆகவே, அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். சிறு விஷயம்தான். ஆனால், புண் வந்தால் மாதக் கணக்கில் படுக்கை. கிடைத்த வேலையும் போய் விடும்.

1972-ல் மேரிக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. ஊனமுற்றோர் தொழில் பழக உதவுவதற்காக 1986-ல் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். வயது 61. அவற்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் நடக்க முடியாதவராக வாழ்ந்தார். பெரிய சாதனைகள் எல்லாம் அந்த ஆண்டுகளில் செய்தவையே.

இன்றைய முறை

மேரிக்குக் கிடைத்த உதவியை இன்று ஒரு முறையாகவே வகுத்து இருக்கிறார்கள். துணையோடு கூடிய வேலை என்று அதைச் சொல்லலாம். 1980-களில் அமெரிக்காவில் இது பரவியது. முதலில் பல ஆண்டுகள் பயிற்சி, பிறகு எப்போதோ வேலை என்பது பழைய வழி. புது வழியில் நேரே வேலையில் அமர்த்தி விடுகிறார்கள். பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்குகிறார். தேர்ச்சி வர வர அவர் மெல்ல விலகிக் கொள்கிறார். மூளை வளர்ச்சி குறைந்தவர்கள்கூட இப்படிச் சம்பளம் வாங்குகிறார்கள்.

சட்டமும் துணைக்கு வந்து இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஒருவர் ஊனமுற்றால், அரசு நிறுவனம் அவரை நீக்கவும் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. 1995-ம் ஆண்டுச் சட்டம் இதை முதலில் சொன்னது. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை உறுதி செய்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி இடம் இல்லை என்றால், இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ தனி இடம் உண்டாக்கி வைத்துக் கொள்ள வேண்டும். சில நிறுவனங்களுக்கு மட்டும் அரசு அறிவிப்பு வெளியிட்டு விலக்கு அளிக்கலாம்.

தனியார் கம்பெனியில் வேலை செய்கிறவருக்கும், ஒப்பந்தக் கூலிக்கும் இவ்வளவு பாதுகாப்பு இல்லை. வடசென்னையில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். அவர்கள் வீட்டோடு முடங்கி விடக் கூடாது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கிண்டியில் மாற்றுத் திறனாளிகளுக்கு வேலை வழி காட்டும் மத்திய அரசு நிலையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவர் அடிபட்டுப் படுத்து இருக்கிறாரா? போனதை எண்ணி அழுதது போதும். அவரிடம் என்ன மீதி இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். அந்த மீதியைக் கொண்டு உட்கார்ந்தபடி செய்யக் கூடிய வேலை அதே பட்டறையில், அதே கிடங்கில், அதே அலுவலகத்தில் இருக்கிறதா என்று முதலாளியிடமும் மேஸ்திரியிடமும் கேளுங்கள். முதல் சில வாரங்களுக்கு ஒருவர் கூடப் போய் வாருங்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டு ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு விடாதீர்கள்.