கோரல் மில்லின் ஒன்பது நாட்கள்

பிளவக்கல் அடிவாரத்திலிருந்து ராஜபாளையத்து நூல் மில்லுக்குப் புதிதாக வேலைக்குப் போகும் தம்பிமார்கள், சங்கத்திலே சேர்ந்து ஆவதென்ன என்று கேட்பதுண்டு. அதற்குப் பதில் தேடி மான்செஸ்டருக்கோ மாஸ்கோவுக்கோ போக வேண்டாம். திருவில்லிபுத்தூர் தாலுகா அன்று சேர்ந்திருந்த திருநெல்வேலி ஜில்லாவிலேயே, தூத்துக்குடியிலேயே இருக்கிறது.

கப்பலோட்டிய தமிழர் என்று வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கொண்டாடுகிறோம். ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தார், வக்கீலானார், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார் என்று பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும். ஆனால் அவர் மில் தொழிலாளரோடு நின்ற கதை? அதை மேடையிலே பேசுவோர் குறைவு. முதலாளிமார்களுக்கு அது வசதியாய்ப் போயிற்று!

ஹார்வி வெள்ளையரின் கோரல் மில்லிலே நாளெல்லாம் வேலை. வார விடுமுறை கிடையாது. கூலியோ அற்பம். 1908 பிப்ரவரி 23-ல் சிதம்பரனார் அவர்களிடையே பேசினார். நாலே நாளில், 27-ந் தேதி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார். ஒன்பது நாள் மில் ஓடவில்லை. முடிவிலே நிர்வாகமே இறங்கி வந்தது. சுமார் ஐம்பது தொழிலாளரோடு சென்று பேசினார் சிதம்பரனார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மற்ற வெள்ளைக் கம்பெனித் தொழிலாளருக்கும் கூலி கூடிற்று.

சர்க்கார் சும்மா இருக்குமா? மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தது. மறுநாள் நெல்லை கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வெளியேறினர். இம்முறை கூலிக்காக அல்ல, தலைவருக்காக! திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததை லெனின் பாராட்டி எழுதினார். அது ஜூலையிலே. தூத்துக்குடி நாலு மாதம் முந்திக்கொண்டது.

அந்தத் தோழர்களிடம் துணிச்சல் இருந்தது, தலைவர் இருந்தார், சங்கம் இல்லை. சந்தா இல்லை, நிதி இல்லை, ஒருவரைச் சிறையிலே போட்டால் அடுத்துப் போய்ப் பேச நிர்வாகிகள் இல்லை. சிதம்பரனாரோ கோவைச் சிறையிலே செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை.

1918-ல் சென்னையிலே பி அண்டு சி மில் தொழிலாளர் சங்கம் கண்டனர். வறுமையிலே வாடிய சிதம்பரனாரும் சென்னையிலும் கோவையிலும் தொழிலாளர் சங்க வேலைகளில் கலந்துகொண்டார். 1920-ல் கதவடைத்த பின்னி கம்பெனி, சங்கத் தலைவர் வாடியா முதலியோர் மீது வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கிற்று. தொழிலாளரைச் சேர்ந்து நிற்கச் சொன்னதே குற்றமாம்! அந்த வழக்கு கிளப்பிய எதிர்ப்பின் பலனே 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் மீது வேலைநிறுத்தத்துக்காக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாதென அது காப்பளித்தது. சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் மனுச் செய்தால் போதுமென்றும் அன்று சொன்னது.

சிதம்பரனார் 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலேயே கண்மூடினார். கோரல் மில் தொழிலாளர் 1908-ல் தேடிக் கிடைக்காத அந்தக் காப்பு, அதற்குள் பத்து வருஷமாகச் சட்டத்தில் இருந்தது.